உங்கள் தெருவுக்குக் கடற்காற்று எத்தனை மணிக்கு வருகிறது?



ஒவ்வோர் ஆண்டும் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் வகுப்பு தொடங்கியதும் நான் மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். முதற் கேள்வி: "கடற்காற்று எவ்வாறு உண்டாகிறது?" உடனே பல கைகள் உயரும். சிலர் கரும்பலகைக்கே வந்து படம் வரைந்து காட்டுவார்கள். பகலில் நிலம் விரைவில் சூடாகிறது. அதன்மேல் உள்ள காற்று விரிந்து மேலெழுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அம்புக்குறிகள்கூடச் சரியாகவே இருக்கும்.

இரண்டாம் கேள்வி: "நேற்று உங்கள் தெருவுக்கு அந்தக் காற்று எத்தனை மணிக்கு வந்தது?" வகுப்பு அமைதியாகிவிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் சிலர், "சார், கடற்காற்றெல்லாம் மெரினாவுக்குத்தான். எங்கள் ஊருக்கு ஏது?" என்பார்கள்.

வருகிறது, நண்பர்களே. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்கரையில் வீசத் தொடங்கும் காற்று, மேற்கிலிருந்து வரும் வெப்பக் காற்றைத் தள்ளிக்கொண்டு உள்நாட்டுக்குள் நகர்கிறது. நம் மேற்குப் புறநகர்களை அடைவதற்குள் பிற்பகலாகிவிடும். சில நாள் மாலையாகிவிடும். மேலைக்காற்று வலுத்திருக்கும் நாட்களில் வராமலே போவதும் உண்டு. வந்த நாளில் அதன் முகப்பில் இரு காற்றுகளும் மோதி மேலெழுவதால் கருமேகம் திரண்டு, மெரினாவில் தூறல்கூட இல்லாதபோது திருநின்றவூரில் இடியோடு மழை கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

கண்முன் நடக்கும் இதைப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்குகிறோம். ஒரு நாளாவது அளந்து பார்த்ததில்லை. இது ஒரு பெருங்குறை என்பது என் கருத்து. கடலின் மேற்பரப்புக்கும் வளிமண்டலத்துக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலை அளந்து அறிவது நம் உயிரையும் உடைமையையும் காக்கும் வேலை. அந்த வேலை நடுக்கடலில் கப்பலோடு முடிந்துவிடுவதன்று. உங்கள் பள்ளி முற்றத்திலும் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கடல் நமக்குத் தொலைவில் இல்லை

ஆவடியிலிருந்து கடற்கரை ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியாததால் கடல் நம்முடையதில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் நம் குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது? சென்னைக்கு ஆண்டில் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலிலிருந்து வருவது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளை நிரப்புவது பெரும்பாலும் அந்த மழையே.

2018-இல் அந்தப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூன் மாதத்தில் இந்த ஏரிகள் நான்கும் ஏறத்தாழ வறண்டு போயின. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது தொட்டி வண்டிகளில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் குடிநீர் ஏற்றிய முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

இதற்கு நேர்மாறானதையும் நாம் கண்டிருக்கிறோம். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. ஏரியின் உபரி நீரும் மழைநீரும் சேர்ந்து அடையாறு கரை மீறி ஓடியது. பல உயிர்கள் போயின. 2023 டிசம்பர் 3, 4 நாட்களில் 'மிக்ஜாம்' புயல் சென்னைக் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தபோது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அந்தப் புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லாவுக்கு அருகே, டிசம்பர் 5 அன்று. நம் ஊரைத் தொடாமல் போன புயல்தான் நம்மை மூழ்கடித்தது.

வறட்சியானாலும் வெள்ளமானாலும் தொடக்கம் ஓரிடத்தில்தான்: கடல்நீரும் காற்றும் தொடும் அந்த மேற்பரப்பில்.

அந்தப் பரப்பில் நடப்பது என்ன?

மூன்று பண்டங்கள் அங்கே கைமாறுகின்றன: வெப்பம், நீராவி, உந்தம்.

முதலில் வெப்பம். ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பின்மேல் நிற்கும் காற்றுத் தூணின் நிறை ஏறத்தாழ 10,300 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,000 ஜூல் போதும். நீருக்கு 4,200 ஜூல் வேண்டும். பென்சிலை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். வளிமண்டலம் முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பம், கடலின் மேல் இரண்டரை மீட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும்! அதனால்தான் கடல் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்கிறது. காற்றுக்கு அது ஒரு வெப்பச் சேமிப்பு வங்கி.

அடுத்தது நீராவி. 28 டிகிரி வெப்பத்தில் உள்ள ஒரு கிலோகிராம் கடல்நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வேண்டும். இந்த உள்ளுறை வெப்பத்தை ஆவி தன்னோடு சுமந்து செல்கிறது. மேலே மேகமாகக் குளிரும்போது அதைக் காற்றில் விட்டுவிடுகிறது. இதன் அளவு எவ்வளவு? செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 10.3 கோடி கன மீட்டர். அவ்வளவு நீரையும் கடலிலிருந்து ஆவியாக்க வேண்டிய வெப்பம் 2.5 × 10¹⁷ ஜூல். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 1,000 மெகாவாட் திறனுள்ள ஓர் அலகு ஓய்வின்றி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஓடித் தரும் மின்னாற்றலுக்கு இது சமம். ஓர் ஏரி நிரம்பும் மழைக்கே இப்படியென்றால், ஒரு புயலின் வலிமைக்கு எரிபொருள் எங்கிருந்து கிடைக்கிறது என்பது விளங்குகிறதல்லவா?

சூடான காப்பியை ஊதினால் விரைவில் ஆறுகிறது. ஏன்? அதன்மேல் தங்கியுள்ள ஈரக் காற்றை விலக்கி, உலர்ந்த காற்றை அனுப்புகிறோம். கடலிலும் இதே கதைதான். காற்றின் வேகம், நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, ஈரப்பத வேறுபாடு ஆகிய மூன்றையும் அளந்தால் கடல் எவ்வளவு வெப்பத்தையும் ஆவியையும் காற்றுக்குக் கொடுக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

மூன்றாவது உந்தம். வீசும் காற்று கடலை இழுத்து அலைகளையும் நீரோட்டங்களையும் உண்டாக்குகிறது. காற்று மிகுந்தால் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கலங்கி மேலே வருகிறது, மேற்பரப்பு குளிர்கிறது, ஆவியாதல் குறைகிறது. இவ்வாறு கடல் காற்றை மாற்ற, காற்று கடலை மாற்றுகிறது. ஒன்றை மட்டும் பார்த்து மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது.

வங்கக் கடலின் தனிக்குணம்

உலகின் எல்லாக் கடலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய பேராறுகள் வங்கக் கடலில் நன்னீரைக் கொட்டுகின்றன. உப்புக் குறைந்த இந்த நீர் இலேசானதால் மேலே ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கிறது. காற்று எவ்வளவு கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வருவதில்லை. எனவே வங்கக் கடலின் மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதி சூடாகவே இருக்கிறது.

1984-இல் சுலோசனா காட்கில், பி.வி. ஜோசப், என்.வி. ஜோஷி ஆகிய மூன்று இந்திய அறிவியலார் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கடற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில்தான் உயர்ந்த மழைமேகத் திரள்கள் பெருமளவில் எழுகின்றன என்று அவர்கள் காட்டினர். ஆனால் அந்த எல்லையைத் தாண்டிய எல்லா இடத்திலும் மேகம் எழுவதில்லை. வெப்பம் இருந்தால் மட்டும் போதாது. காற்றின் போக்கும் துணை நிற்கவேண்டும். எனவே கடலையும் காற்றையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அளக்க வேண்டியிருக்கிறது. இதற்காகவே 1999 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 'சாகர் கன்யா' முதலிய ஆய்வுக் கப்பல்கள் பருவமழையின் நடுவே வங்கக் கடலில் நின்று அளவெடுத்தன.

இன்று இந்தியப் பெருங்கடலும் சூடாகி வருகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுகிறது. பாட்டனார் காலத்து மழைக் கணக்கை வைத்து நாளைய வடிகாலை வெட்டுவது ஆபத்து. புதிய அளவுகள் வேண்டும்.

வானிலிருந்தும் நீரிலிருந்தும்

வானம் தெளிந்த நாளில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏறுவதை அம்பத்தூர், ஆவடி மொட்டைமாடிகளிலிருந்தே பார்க்கலாம். கைதட்டி மகிழ்ந்துவிட்டு இறங்கிவிடுகிறோம். அவற்றில் சில எதற்காகப் போகின்றன தெரியுமா? 2009-இல் 'ஓஷன்சாட்-2', 2016-இல் 'ஸ்காட்சாட்-1', 2022 நவம்பர் 26 அன்று 'ஓஷன்சாட்-3' ஆகியவை கடலின்மேல் வீசும் காற்றை அளக்கும் கருவியோடு அங்கிருந்துதான் சென்றன. அக்கருவி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலைகளைக் கடல்மீது செலுத்துகிறது. காற்று வலுக்க வலுக்கக் கடலின் மேல் சிற்றலைகள் மிகுந்து பரப்பு சொரசொரப்பாகிறது. திரும்பி வரும் அலையின் வலிமை மாறுகிறது. அதிலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறார்கள். விந்தையன்றோ!

அப்படியானால் செயற்கைக்கோளே போதுமே என்று கேட்பீர்கள். போதாது. அகச்சிவப்புக் கதிர்களால் வெப்பநிலையை அளக்கும் கருவி கடலின் தோலை மட்டுமே பார்க்கிறது. மேகம் மூடினால் அதுவும் இல்லை. நுண்ணலைகள் மேகத்தை ஊடுருவும். ஆனால் நீருக்குள் ஆழமாகச் செல்லா. புயலுக்கு உணவாகும் வெப்பமோ பல பத்து மீட்டர் ஆழம்வரை சேர்ந்து கிடக்கிறது.

அதை அறிய நீருக்குள் கருவி வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1990-களின் பிற்பகுதியிலிருந்து வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்திப் பராமரித்து வருகிறது. மேலே காற்று, அழுத்தம், ஈரப்பதம். கீழே 500 மீட்டர் ஆழம்வரை வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளந்து, செயற்கைக்கோள் வழியே அவை கரைக்குச் செய்தி அனுப்புகின்றன. இவை தவிர, பல நாடுகள் சேர்ந்து மிதக்கவிட்டுள்ள 'ஆர்கோ' மிதவைகள் பத்து நாளைக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வருகின்றன.

அளவு இருந்தால் என்ன? இல்லாவிட்டால் என்ன?

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013 அக்டோபர் 12 அன்று அதே மாநிலத்தை 'பைலின்' என்னும் கடும் புயல் தாக்கியது. முன்கூட்டியே லட்சக்கணக்கானோரை வெளியேற்றியதால் உயிரிழப்பு பத்துக்கணக்கில் நின்றது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் அளவுகளும், அளவுகளைக் கொண்டு செய்யும் கணிப்பும், அதை நம்பிச் செயல்பட்ட நிர்வாகமும் மக்களும் வளர்ந்திருந்தார்கள்.

ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. 2017 நவம்பர் 30 அன்று 'ஒக்கி' குமரிக் கடலில் மிக விரைவாக வலுத்துப் புயலாயிற்று. ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தந்தையையும் மகனையும் இழந்தன. விரைந்து வலுக்கும் புயலை முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினமான கணக்கு. கடலின் உள்வெப்பத்தைப் பற்றிய அளவுகள் பெருகினால்தான் அது எளிதாகும்.

இங்கே வருந்தத்தக்க ஒன்றையும் சொல்லவேண்டும். நடுக்கடலில் நிற்கும் மிதவைகள் அவ்வப்போது சேதமடைகின்றன. மிதவையின் அடியில் மீன்கள் கூடுவதால் படகுகள் அங்கே வருகின்றன. படகைக் கட்டும்போதும் வலை வீசும்போதும் உணர்கருவிகள் பழுதாகின்றன. சில வேளைகளில் பாகங்கள் கழற்றப்படுகின்றன. மீனவர்மீது பழி போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. "இந்த மஞ்சள் மிதவை உங்கள் உயிருக்குக் காவல்" என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் படித்தவர்களே. ஒரு தெர்மாமீட்டரைக்கூடத் தொடர்ந்து ஒரு மாதம் பார்த்திராத நாம், அளவின் அருமையைப் பிறருக்கு எப்படி விளக்குவோம்?

பதிவேட்டிலிருந்து பிறந்த அறிவியல்

இந்த அறிவியல் பெரிய கருவிகளோடு பிறக்கவில்லை. பொறுமையாக எழுதிய பதிவேடுகளிலிருந்து பிறந்தது. 1792-இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வுக் கூடத்தில் கோல்டிங்ஹாம் 1796-இல் வானிலைப் பதிவுகளைத் தொடங்கினார். கல்கத்தாவில் அலுவலராக இருந்த ஹென்றி பிடிங்டன், வங்கக் கடலில் புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேர்த்து ஒப்பிட்டார். ஒவ்வொரு கப்பலும் எந்த மணிக்கு எந்தத் திசையில் காற்றைக் கண்டது என்று குறித்து வைத்திருந்ததால், புயற்காற்று சுழல்கிறது என்பது அவருக்குத் தெளிவாகப் புலப்பட்டது. 'சைக்ளோன்' என்னும் சொல்லை 1848-இல் உலகுக்குத் தந்தவர் அவரே.

1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், உலகின் பல மூலைகளிலிருந்து வந்த அழுத்தம், மழை ஆகியவற்றின் பதிவுகளை ஒப்பிட்டு, பசிபிக் பெருங்கடலின் மேல் நிகழும் அழுத்த ஊசலாட்டத்தைக் கண்டார். 1913-இல் சென்னையில் இராமானுஜனின் கணித நோட்டுகளைப் பார்த்துவிட்டு, அவருக்கு உதவும்படி பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தவரும் இதே வாக்கர்தான். அந்த ஊசலாட்டமும் பசிபிக் கடல் சூடாகும் 'எல் நினோ'வும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்று 1969-இல் பியர்க்னெஸ் விளக்கினார். கடலும் காற்றும் கைகோத்து நடப்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

நம் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மணி, இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, நூறளவான வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்வதற்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். கருவி சரியாக இல்லாவிட்டால் அளவும் பொய். பொய் அளவில் எழுந்த கணிப்பும் பொய். வாழ்நாள் முழுவதும் அவர் காத்த நெறி இதுவே.

ரயில் பாதையே அளவுகோல்

இனி என் யோசனையைச் சொல்கிறேன். சென்னை சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று நம் புறநகர் ரயில் பாதை கடலை விட்டு மேற்கு நோக்கிச் செல்கிறது. கடற்காற்றை அளக்க இயற்கையாகவே அமைந்த அளவுகோல் இது! இப்பாதையை ஒட்டிய ஒவ்வொரு பள்ளியிலும், தெற்கே பூந்தமல்லிச் சாலைப் பள்ளிகளிலும் ஐந்தாறு மாணவர்கள் ஒரு குழுவாகச் சேருங்கள். கோடை விடுமுறையிலும் வீட்டிலிருந்தே செய்யலாம்.

வேண்டியவை சில. இரண்டு வெப்பமானிகள்: ஒன்றின் குமிழை நனைந்த மெல்லிய துணியால் சுற்றுங்கள், மற்றொன்று உலர்ந்தே இருக்கட்டும். இரண்டையும் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். கொதிக்கும் தளத்தின் அருகே வைத்தால் தளத்தின் சூட்டையே அளப்பீர்கள். ஒரு கழியின் நுனியில் மெல்லிய துணிநாடா கட்டிக் காற்றின் திசையைப் பாருங்கள். நண்பகல் முதல் மாலை ஆறு மணி வரை அரைமணிக்கு ஒரு முறை குறியுங்கள். மேற்கிலிருந்து வந்த காற்று கிழக்கு அல்லது தென்கிழக்குக்கு மாறி, உலர்குமிழின் அளவு சட்டென்று இறங்கி, இரு வெப்பமானிகளுக்கும் உள்ள வேறுபாடு குறைந்தால், அதுவே கடற்காற்று வந்த நேரம்.

அம்பத்தூரில் 2.40-க்கும் திருநின்றவூரில் 3.40-க்கும் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இடைத்தொலைவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கடற்காற்றின் முகப்பு மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது! அன்று மாலை எங்கே இடி இடித்தது, எந்தத் தெருவில் மழை பெய்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர்க் கண்ணாடிப் பாத்திரம் மழைமானியாகும். நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்தால் போதும். வானிலைத் துறையைப் போலவே காலை 8.30 மணிக்கு அளவெடுங்கள். இடி கேட்டால் மட்டும் மாடியில் நிற்கவே கூடாது; எந்த அளவும் உயிரைவிடப் பெரிதன்று.

"கைபேசியைத் திறந்தால் எங்கள் ஊர் வெப்பநிலை தெரிகிறதே!" என்பீர்கள். அந்த எண் பெரும்பாலும் கணிப்பொறி கணக்கிட்டுத் தந்தது. உங்கள் தெருவில் தொங்கும் வெப்பமானி காட்டியதன்று. 2015 டிசம்பர் 2 காலை, செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் பதிவான அதே நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது 29. ஒரே நகரப் பகுதி, ஒரே மழை, எவ்வளவு வேறுபாடு! அந்த இரவு எங்கள் வீட்டு மாடியிலும் ஒரு வாளி இருந்தது. காலையில் அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எப்போது நிரம்பியது, எவ்வளவு வழிந்தது என்று இயற்பியல் கற்பிக்கும் எனக்கே தெரியவில்லை. அன்றைய வெட்கம்தான் பின்னர் என்னை ஒரு மழைமானி வைக்கச் செய்தது.

"மாணவர் எடுக்கும் அளவில் பிழை இருக்குமே?" இருக்கும். பத்துப் பள்ளிகள் சேர்ந்து எழுதினால் எது பிழை என்பது ஒப்பிடும்போதே தெரிந்துவிடும். பிழையைக் கண்டு திருத்துவதே அறிவியலின் முதற்பாடம். "பாடத்தை முடிக்கவே நேரமில்லை" என்று ஆசிரியர்கள் சொல்வதும் உண்மையே. ஆனால் ஒரு மாதம் இதைச் செய்த மாணவனுக்குத் தன்வெப்பம், உள்ளுறை வெப்பம், ஒப்பு ஈரப்பதம், திசைவேகம் ஆகிய நான்கையும் மறுபடி மனப்பாடம் செய்யும் வேலை இராது.

உங்கள் பதிவேடு புயலை முன்னறிவித்துவிடாது. அந்தப் பொறுப்பு இந்திய வானிலைத் துறையுடையது. ஆனால் அளவு என்றால் என்ன என்பதைக் கையால் தொட்டு அறிந்தவர், "கனமழை எச்சரிக்கை" என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கும் மிதவையையும் கப்பலையும் செயற்கைக்கோளையும் மதிப்பார். ஆதாரமில்லாத வதந்தி கைபேசியில் வந்தால், "யார் அளந்தது? எங்கே? எப்போது?" என்று கேட்பார். ஏரிக்கரையில் வீடு கட்டும் முன் பழைய மழைப் பதிவைத் தேடுவார். அத்தகைய குடிமக்கள் நிறைந்த ஊரில் வெள்ளத்தால் வரும் சேதம் குறையும்; உயிர்கள் தப்பும்.

நாளைப் பிற்பகல் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நில்லுங்கள். காற்று திரும்பும் நேரத்தை எழுதுங்கள். வராவிட்டால் "இன்று வரவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் ஓர் அளவுதான். என் வகுப்புக்கு என்றாவது நீங்கள் வந்தால் அந்த இரண்டாம் கேள்வியை உங்களிடமும் கேட்பேன். பதிவேட்டைப் புரட்டிப் பதில் சொல்லுங்கள்.